இத்தாலிய வினைச்சொல்லும் ‘ஒழுங்கின்மை’ என்னும் மாயையும்

ஒரு மொழியின் இலக்கண நூலிலே ‘ஒழுங்கற்ற வினைகள்’ என்னும் தலைப்பின்கீழ்ப் பக்கம் பக்கமாக அட்டவணைகள் தரப்பட்டிருக்குமாயின், அவை அம்மொழியின் குறையைக் காட்டுகின்றனவா, அல்லது அந்நூலை ஆக்கியோரின் குறையைக் காட்டுகின்றனவா என்னும் வினா எழுப்பப்பட வேண்டியதாகும். இவ்வினாவை எழுப்புதற்கு இத்தாலிய வினைச்சொல் மிகப் பொருத்தமானதொரு களமாகும்.

அம்மொழியைக் கற்பிக்கும் கைநூல்கள் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வன. முதல் அதிகாரத்தில் எழுத்தும் உச்சரிப்பும் கூறப்படும். வரியிறுதியில் ஒரு சொல்லை எவ்விடத்தில் முறிப்பது என்பதற்காக அசைப்பிரிப்பு விதிகள் நாலைந்து அங்கே இடம்பெறும். அத்துடன் அசையின் கதை முடிந்துவிடும். பின்னர் வினையியல் தொடங்கும். ‘ஆரெ’, ‘எரெ’, ‘ஈரெ’ என்னும் ஈறுகளைக் கொண்டு வினைகள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, வகுப்புக்கு ஒரு வாய்பாடு தரப்படும். வாய்பாட்டில் அடங்காதன யாவும் ஒழுங்கற்றவை என ஒதுக்கப்பட்டு, மனனஞ் செய்யுமாறு மாணவனிடம் ஒப்படைக்கப்படும். இரு, போ, வா, வைத்திரு, விரும்பு, அறி என்னும் பொருள்களைத் தரும் அன்றாட வினைகளே இவ்வொதுக்கிடத்திற் கிடக்கின்றன. மக்கள் நாவில் மிகுதியாக வழங்கும் வினைகளைப் புறத்தே தள்ளிவிட்டு நிற்கும் விதி எத்தகைய விதி?

இக்கட்டுரையின் வாதம் இதுவேயாம்: ஒழுங்கற்றவை எனப்படும் இத்தாலிய வினைவடிவங்களுட் பெரும்பாலானவை அசையாலும் அழுத்தத்தாலும் ஆளப்படுவன. அசைப்பிரிப்பை வரி முறிக்கும் அச்சகத் தொழிலாளிக்கும் வினையமைப்பை மனனஞ் செய்யும் மாணவனுக்கும் தனித்தனியே பங்கிட்டுக் கொடுத்தமையே அவற்றின் ஒழுங்கை நமது கண்ணிலிருந்து மறைத்தது.

இருவகைப் பிரிப்பு

முதலில் ஒரு சொல்லாட்சியைத் தெளிவுபடுத்தல் அவசியம். ‘அசை’ என்றவுடன் தமிழ் மாணவர் மனத்தில் எழுவன நேரும் நிரையுமாம். யாப்பிலக்கணத்திலே ‘பலா’ என்பது நிரை, அஃது ஓரசை. ஒலியியலார் கணக்கிலோ அது ‘ப’, ‘லா’ என ஈரசை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் நம்மிடையே உளர். இக்கட்டுரையில் அசை என்பது ஒலியியலார் கொள்ளும் பொருளிலேயே வழங்கப்படுகின்றது. உயிரில் முடிவதனை உயிரீற்றசை எனவும் மெய்யில் முடிவதனை மெய்யீற்றசை எனவும் குறிப்பேன். இத்தாலியச் சொற்களைத் தமிழெழுத்தில் தருகையில், அழுத்தம் பெற்ற உயிரீற்றசையின் உயிரை நெடிலாக எழுதுகின்றேன். சொல்லின் இறுதியில் அன்றி, அம்மொழியில் உயிர் நீள்வது அவ்விடத்திலேயாம். ஏனையவை குறில்.

ஒரு வினைச்சொல்லை இருவேறு வகையாகப் பிரிக்கலாம். ஒலிப்பின்படி பிரித்தல் ஒன்று. பொருளுறுப்புகளின்படி பிரித்தல் மற்றொன்று. ‘செய்தான்’ என்பதனை ஒலிக்கும்போது ‘செய் – தான்’ என்கின்றோம். நன்னூல் வழிநின்று பகுபத உறுப்பிலக்கணம் கூறும்போதோ ‘செய் – த் – ஆன்’ என்கின்றோம். இவ்விரு பிரிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமை நமக்குப் பாலபாடம்.

இத்தாலிய மொழியிலும் நிலைமை இதுவே. ‘பர்லொ’ என்றால் ‘பேசுகிறேன்’ என்பது பொருள். நமது வினைமுற்றைப் போலவே அதுவும் எழுவாயைத் தன் விகுதியில் அடக்கியது. அதனை ஒலிப்பின்படி பிரித்தால் ‘பர் – லொ’. உறுப்பின்படி பிரித்தால் ‘பர்ல் – ஒ’. ‘பேசிக்கொண்டிருந்தோம்’ எனப் பொருள்படும் ‘பர்லவாமொ’ என்பதோ ஒலிப்பில் ‘பர் – ல – வா – மொ’ எனவும், உறுப்பில் ‘பர்ல் – அ – வ – மொ’ எனவும் பிரியும். பகுதி, அதனை அடுத்து வகுப்பைக் காட்டும் உயிர், காலங்காட்டும் இடைநிலை, இடங்காட்டும் விகுதி என உறுப்புகள் நிரல்பட நிற்கின்றன. பகுதியின் இறுதி மெய்யாகிய லகரத்தை அடுத்த அசை கவர்ந்துகொள்கின்றது.

இங்கே இருவகைத் தவறு நேர்கின்றது. இரு பிரிப்பையும் ஒன்றெனக் கொண்டு, ‘லொ’ என்பதே தன்மை ஒருமை விகுதி என மயங்குதல் ஒன்று. இஃது எளிதில் திருத்தத்தக்க தவறு. இரு பிரிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லையெனக் கொண்டு, ஒன்றைப் பேசும்போது மற்றொன்றை மறந்துவிடுதல் மற்றையது. கைநூல்கள் செய்வது இவ்விரண்டாவது தவறு. அதுவே கொடியது.

ஒழுங்கின்மையுள் ஒழுங்கு

‘வைத்திருத்தல், பிடித்தல்’ எனப் பொருள்படும் ‘தெனேரெ’ என்னும் வினையின் நிகழ்கால வடிவங்கள் ஆறும் வருமாறு: தெங்கொ, த்யேனி, த்யேனெ, தென்யாமொ, தெனேதெ, தெங்கொனொ. முதல் மூன்றும் முறையே தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமை. அடுத்த மூன்றும் அவற்றின் பன்மை. பகுதி ஓரிடத்தில் ‘தெங்க்’, ஓரிடத்தில் ‘த்யேன்’, ஓரிடத்தில் ‘தென்’. இதனைக் கண்டவுடன் கைநூல் ‘ஒழுங்கற்றது’ என முத்திரை குத்திவிடுகின்றது.

அசையைக் கேட்போம். இலத்தீனிலிருந்து வந்த குறில் எகரம், தஸ்கனி நாட்டு வழக்கில், அழுத்தம் பெற்ற உயிரீற்றசையில் நின்றபோது ‘யெ’ எனத் திரிந்தது. குறில் ஒகரம் அவ்விடத்தில் ‘வொ’ எனத் திரிந்தது. வேறிடங்களில் இத்திரிபு நிகழவில்லை. இவ்வொரு விதியைக் கையிற் கொண்டு மீண்டும் நோக்குக. ‘த்யே – னி’ என்பதில் முதலசை அழுத்தம் பெற்றது, உயிரில் முடிவது. எனவே திரிபு நிகழ்ந்தது. ‘தெங் – கொ’ என்பதில் முதலசை அழுத்தம் பெற்றதாயினும் மெய்யில் முடிவது, எனவே திரிபில்லை. ‘தெ – ன்யா – மொ’ என்பதில் முதலசை உயிரில் முடிவதாயினும் அழுத்தம் அடுத்த அசைக்குச் சென்றுவிட்டது, எனவே திரிபில்லை. ‘தெனேதெ’ என்பதும் அவ்வாறே. ‘தெங்கொனொ’ என்பதில் மீண்டும் மெய்யீற்றசை. எகரம் எங்கே திரியும், எங்கே திரியாது என்பதில் ஐயத்துக்கு இடமேயில்லை.

வருதலைக் குறிக்கும் ‘வெனீரெ’ இதே தடத்திற் செல்வது: வெங்கொ, வ்யேனி, வ்யேனெ, வென்யாமொ, வெனீதெ, வெங்கொனொ. ஒகரத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், ‘இயலும்’ என்னும் பொருளுடைய வினையிலே ‘பொஸ் – ஸொ’ என்னும் தன்மை வடிவம் மெய்யீற்றசை காரணமாகத் திரியாது நிற்க, முன்னிலை ‘ப்வொய்’ எனவும் படர்க்கை ‘ப்வொ’ எனவும் திரிந்து நிற்றலைக் காணலாம். ‘இறக்கிறான்’ என்பது ‘ம்வோரெ’. ‘இறக்கிறோம்’ என்பது ‘மொர்யாமொ’.

இவ்விதி கைநூல்களின் அசைப்பிரிப்பையே சோதித்துப் பார்க்கவும் உதவுகின்றது. ஸகரத்தின் பின் மெய் வருமாயின் இரண்டும் அடுத்த அசைக்கே உரியன என்பது இத்தாலியப் பள்ளி விதி. அதன்படி, ‘உடுத்துகிறேன்’ எனப் பொருள்படும் ‘வெஸ்தொ’ என்பதனை ‘வெ – ஸ்தொ’ என எழுதி முறிப்பர். அவ்வாறாயின் அதன் முதலசை அழுத்தம் பெற்ற உயிரீற்றசையாகும். இலத்தீன் குறில் எகரமும் அங்குளது. எனவே ‘வ்யெஸ்தொ’ என்றன்றோ திரிந்திருத்தல் வேண்டும்? அவ்வாறு திரியவில்லை. ‘பணிசெய்கிறேன்’ எனப் பொருள்படும் ‘செர்வொ’ எவ்வாறு திரியாது நின்றதோ அவ்வாறே இதுவும் நின்றது. ஆகவே நாவின் கணக்கில் அச்சொல் ‘வெஸ் – தொ’ எனவே பிரிந்தது எனக் கொள்ளல் வேண்டும். இன்றும் அவ்வெகரம் நீளாது குறுகியே ஒலித்தல் இதற்குத் துணைச் சான்று. எழுதுகோலின் அசை வேறு, நாவின் அசை வேறு என்பதனை வினைச்சொல்லே நமக்கு உணர்த்துகின்றது. வினையியலையும் அசையியலையும் பிரித்து வைத்தோர் இச்சான்றை எங்ஙனம் காண்பர்?

இனி, அசையின் வடிவத்தை விடுத்து அழுத்தத்தின் இடத்தை மட்டும் நோக்குவோம். நிகழ்காலத்தில் ஒருமை மூன்றிலும் படர்க்கைப் பன்மையிலும் அழுத்தம் விகுதிக்கு முன்னரே அமைந்துவிடும். தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் அது பகுதியைக் கடந்து வரும். ‘தொலைபேசியில் பேசுகிறார்கள்’ எனப் பொருள்படும் ‘தெ – லே – ஃபொ – ன – னொ’ என்பதில் அழுத்தம் இறுதியிலிருந்து நான்காம் அசையில் நிற்பதன் காரணமும் இதுவே. நான்கும் இரண்டும் என்னும் இப்பாகுபாட்டை மனத்திற் கொண்டு பின்வருவனவற்றை நோக்குக.

முடித்தலைக் குறிக்கும் ‘ஃபினீரெ’: ஃபினிஸ்கொ, ஃபினிஷ்ஷி, ஃபினிஷ்ஷெ, ஃபினிஸ்கொனொ என்னும் நான்கில் ‘இஸ்க்’ என்னும் சாரியை போன்றதோர் உறுப்பு வருகின்றது. ஃபின்யாமொ, ஃபினீதெ என்னும் இரண்டில் அது வருவதில்லை. அவ்வுறுப்பு அழுத்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வதால், பகுதி எவ்விடத்தும் அழுத்தம் பெறுவதில்லை. வெளியேறுதலைக் குறிக்கும் ‘உஷ்ஷீரெ’: எஸ்கொ, எஷ்ஷி, எஷ்ஷெ, எஸ்கொனொ என நான்கில் எகரம், உஷ்ஷாமொ, உஷ்ஷீதெ என இரண்டில் உகரம். இவ்வுகரம் வாயிற்கதவைக் குறிக்கும் ‘உஷ்ஷொ’ என்னும் பெயர்ச்சொல்லின் சாயலால் வந்தது என்பர். அச்சாயல் அழுத்தம் பெற்ற எகரத்தைத் தீண்டவில்லை. அழுத்தம் அகன்ற இடத்தை மட்டுமே பற்றிக்கொண்டது.

‘போதல்’ என்னும் பொருளுடைய ‘அந்தாரெ’ என்பதோ ஒழுங்கின்மையின் உச்சமென எல்லாக் கைநூல்களாலும் காட்டப்படுவது. வாதொ, வய், வ, வன்னொ என நான்கில் ஒரு பகுதி. அந்த்யாமொ, அந்தாதெ என இரண்டில் முற்றிலும் வேறான பகுதி. இரு வேறு சொற்கள் ஒரு வினையாகக் கூடி வாழ்கின்றன. எனினும், கூடி வாழ்வதற்கு அவை வகுத்துக்கொண்ட எல்லை யாது? அதே நான்கும் இரண்டுமாம்! ஒழுங்கின்மையின் உச்சமும் ஒழுங்கின் கோட்டைத் தாண்டவில்லை. (இவற்றுள் ‘வ’ என்பதற்குப் ‘போகிறான்’ என்று பொருள். சற்றே நீட்டினால் நமது ‘வா’ ஆகும்; பொருளோ நேரெதிர். இரு மொழிச் சொற்களின் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவுமுறை நாட்ட முற்படுவோர் இதனைச் சிந்திப்பாராக.)

எதிர்காலமும் இறந்தகாலமும்

எதிர்கால வடிவம் தோன்றிய வரலாறு இவ்வாதத்துக்கு மேலும் வலுவூட்டுவது. வினைப்பெயர் வடிவத்துடன் ‘உடையேன்’ என்னும் பொருள்தரும் ‘ஒ’ முதலான துணைவினை வடிவங்கள் ஒட்டிப் பிறந்ததே இத்தாலிய எதிர்காலம். ‘பர்லாரெ’யும் ‘ஒ’வும் கூடிப் ‘பர்லெரொ’ ஆயின. அழுத்தம் இறுதிக்குச் சென்றமையால், அதற்கு முன்னின்ற உயிர் மெலிந்தது. சில வினைகளில் அது மெலிந்து மறைந்தே போயிற்று. காணுதலைக் குறிக்கும் ‘வெதேரெ’ இங்ஙனமே ‘வெத்ரொ’ ஆயிற்று.

உயிர் மறைந்ததும், அதுவரை அதனால் விலக்கி வைக்கப்பட்டிருந்த இரு மெய்கள் நேருக்கு நேர் சந்திக்கின்றன. னகரமும் ரகரமும் அசையெல்லையில் சந்தித்தபோது னகரம் ரகரமாகவே திரிந்தது: ‘வெனீரெ’யிலிருந்து ‘வெர்ரொ’, ‘தெனேரெ’யிலிருந்து ‘தெர்ரொ’. விரும்புதலைக் குறிக்கும் ‘வொலேரெ’யில் லகரம் அவ்வாறே திரிந்து ‘வொர்ரொ’ ஆயிற்று. புணர்ச்சி விதிகளைக் கற்ற தமிழ் மாணவருக்கு இதில் வியப்பென்ன? ‘பர்லெரொ’விலோ உயிர் மறையவில்லை. மறைந்திருப்பின் ர, ல, ர என்னும் மூன்று மெய்கள் ஒருங்கே நெருக்குண்டிருக்கும். எந்த அசையும் அவற்றைத் தாங்காது.

இறந்தகாலத்திலும் அழுத்தமே அரசோச்சுகின்றது. வாசித்தலைக் குறிக்கும் ‘லெஜ்ஜெரெ’ என்னும் வினை லெஸ்ஸி, லெஜ்ஜெஸ்தி, லெஸ்ஸெ, லெஜ்ஜெம்மொ, லெஜ்ஜெஸ்தெ, லெஸ்ஸெரொ என வரும். திரிந்த பகுதியாகிய ‘லெஸ்ஸ்’ மூன்றிடங்களில் மட்டுமே உளது: தன்மை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை. இம்மூன்றிலும் அழுத்தம் பகுதியில் நிற்கின்றது. ஏனைய மூன்றிலும் அழுத்தம் ஈற்றுப்பக்கம் செல்ல, பகுதி தன் இயல்பான வடிவத்துக்கு மீள்கின்றது. இவ்வகை இறந்தகால வினைகள் பலவற்றுக்கும் இவ்வொரு கூற்றே போதுமானது. இதனைக் கூறாது ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவங்களை மனனஞ் செய்யப் பணிப்பது மாணவனின் உழைப்பைச் சூறையாடுவதாகும்.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படலாம்.

எல்லா வடிவங்களையும் அசை விளக்குமா என்பது முதலாவது. விளக்காது. ‘இருத்தல்’ என்னும் பொருளுடைய வினையின் வடிவங்களை அசைகொண்டு விளக்க முற்படுவது வீண். ‘வெத்ரொ’ எனத் திரிந்தாற்போல, நம்புதலைக் குறிக்கும் ‘க்ரேதெரெ’ ஏன் ‘க்ரெத்ரொ’ எனத் திரியாது ‘க்ரெதெரொ’ என நின்றது என்பதற்கும் அசை ஒன்றே விடையாகாது. விதியைச் சிதைக்கும் ஒப்புமையாக்கமும் உண்டு. முன்னாளில் ‘ந்யேகொ’ (மறுக்கிறேன்), ‘ப்ர்யேகொ’ (வேண்டுகிறேன்) என வழங்கியவை பின்னர் ‘நேகொ’, ‘ப்ரேகொ’ எனத் திரிபை உதறின. இசைத்தலைக் குறிக்கும் வினையிலோ திரிபு தனக்குரியதல்லாத இடத்துக்கும் பரவி ‘ஸ்வொன்யாமொ’ என்றாயிற்று. இலத்தீன் ஈற்று மெய்கள் உதிர்ந்தமையால் ‘பேசிக்கொண்டிருந்தேன்’, ‘பேசிக்கொண்டிருந்தான்’ என்னும் இரண்டுக்கும் ‘பர்லாவ’ என ஒரே வடிவமே எஞ்சியது. நிகழ்காலத் தன்மை விகுதியின் ஒப்புமையால் ‘பர்லாவொ’ என்னும் தன்மை வடிவம் எழுந்தது. அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனி 1827இல் வெளியான தமது புகழ்பெற்ற நாவலை 1840 முதலாக வெளிவந்த பதிப்புக்கெனத் திருத்தியபோது, புளோரன்ஸ் நகரப் பேச்சு வழக்கைத் தழுவி இப்புதிய வடிவத்தையே ஆண்டார். ஆனால் ஒப்புமையாக்கமும் ஒரு காரணமே. காரணம் இரண்டாயிருத்தல் காரணமே இல்லை என்பதாகாது.

ஒலிவிதி என்றோ செத்துவிட்டது, இன்று எஞ்சியிருப்பது அதன் அச்சு மட்டுமே என்பது இரண்டாவது. இது கற்றோர் மறுப்பு, மதிக்கத்தக்கது. மார்க் அரோனொஃப் 1994இல் வெளியிட்ட நூலில், ஒலியாலும் பொருளாலும் விளக்கப்படாத, சொல்லமைப்புக்கே உரிய ஒழுங்குகள் உண்டென வாதிட்டார். ஒக்ஸ்போர்ட் மொழியியலாளர் மார்ட்டின் மெய்டன் இக்கருத்தை இலத்தீன்வழி மொழிகளின் வினைகளுக்குப் பொருத்தி, மேற்கூறிய நான்கும் இரண்டும் என்னும் பாகுபாடு ஒலியிற் பிறந்து பின்னர் ஒலியினின்றும் விடுபட்ட தனியமைப்பு என நிறுவ முயன்றார். ‘அந்தாரெ’ இதற்குத் தக்க சான்றே. ‘வாதொ’வை எந்த ஒலிவிதியும் ‘அந்த்யாமொ’ ஆக்காது. ஆயினும், இன்றும் அழுத்தம் நிற்கும் இடமும் பகுதி மாறும் இடமும் ஒன்றாகவே இருத்தலைச் சுட்டி, ஒலியின் பங்கு இன்னும் அறவில்லை என வாதிடுவோரும் உளர். இவ்விவாதத்தில் எப்பக்கம் நிற்பினும், ‘ஒழுங்கற்றது’ எனக் கூறி ஓய்ந்துவிட இருசாராரும் இடந்தருவதில்லை. அதுவே நமக்கு வேண்டுவது.

வாய்பாடுகளே இத்தாலிய மொழியை ஒரு நாட்டின் பொதுமொழியாக்கின. அவற்றை எள்ளி நகையாடலாமா என்பது மூன்றாவது. 1861இல் இத்தாலி ஒன்றிணைந்தபோது மக்களுள் நூற்றுக்கு இரண்டரைப் பேரே இத்தாலிய மொழியைக் கையாண்டனர் எனத் துல்லியோ தெ மௌரோ 1963இல் கணித்தார். ஏறத்தாழப் பத்துப்பேர் எனப் பின்னர் அர்ரிகோ கஸ்தெல்லானி திருத்தினார். எஞ்சியோர் தத்தம் வட்டார மொழிகளையே பேசினர். அவர்களிடையே பொதுமொழி பரவியது பள்ளியால் மட்டுமன்று. படைச்சேவை, நகரங்களை நோக்கிய குடிபெயர்வு, பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி என்பனவும் அதற்குக் காரணமென்பதனைத் தெ மௌரோவே விளக்கியுள்ளார். நாவாலும் செவியாலும் பரவிய மொழியின் புகழை வாய்பாட்டுக்குச் சூட்டுதல் நியாயமன்று. அட்டவணை நினைவுக்குத் துணையாகலாம். அறிவுக்கு மாற்றாக முடியாது.

நமக்கு இதனால் என்ன?

இத்தாலிய வினை எக்கேடு கெட்டால் தமிழ் மாணவனுக்கென்ன எனச் சிலர் வினவக்கூடும். இத்தாலியின் கஸ்திலியோனெ என்னும் ஊரில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் இவ்வாறு வினவியிருப்பின், எழுத்து முதல் அணி ஈறாக ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் நமக்குக் கிட்டியிராது. அயல்மொழியின் வினைமுற்றைப் பகுத்து நோக்குவோன் தன் மொழியின் வினைமுற்றையும் புதிய கண்கொண்டு நோக்குவான்.

அதனினும் முக்கியமானது வேறொன்றுண்டு. ‘வந்தான்’ என்பதில் ‘வா’ என்னும் பகுதி ‘வ’ எனக் குறுகியதனையும், ‘கண்டான்’ என்பதில் ‘காண்’ என்பது ‘கண்’ ஆனதனையும் நமது இலக்கணிகள் ஒழுங்கற்றவை எனத் தள்ளிவிடவில்லை. விகாரம் எனப் பெயரிட்டு, பகுபத உறுப்பு ஆறனுள் ஒன்றாக அதற்கு இருக்கை அளித்தனர். திரிபும் அமைப்பின் ஓர் உறுப்பே என்னும் இத்தெளிவு நமது மரபிலே உளது. அம்மரபில் வந்த நாம், பிறமொழி கற்கும்போது மட்டும் ‘ஏன்’ என்று கேளாது அட்டவணைகளை விழுங்குவதும், பரீட்சை மண்டபத்தில் அவற்றை உமிழ்வதும், பின்னர் மறப்பதும் வெட்கத்துக்குரியன. இப்பழக்கத்தை ஊக்குவிக்கும் வினாத்தாள்களும் பாடத்திட்டங்களும் அதனினும் கண்டிக்கத்தக்கன.

ஆகவே நாம் கோருவது பெரிதொன்றுமன்று. எம்மொழியின் வினையைக் கற்பிப்போரும், வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன், அச்சொல்லை ஒருமுறை அசையாகவும் ஒருமுறை உறுப்பாகவும் பிரித்துக் காட்டுக. அழுத்தம் எங்கே விழுகின்றது எனக் கேட்டு, இரு பிரிப்பும் எங்கே முரண்படுகின்றன என மாணவனையே காணச் செய்க. அதன் பின்னரும் விளங்காது எஞ்சும் வடிவங்கள் சிலவாகவே இருக்கும். அச்சிலவற்றை மனனஞ் செய்ய மாணவன் தயங்கமாட்டான். விளக்கத்தக்கவற்றை விளக்காது விட்டுவிட்டு, மொழியின்மீது ஒழுங்கின்மைப் பழி சுமத்தும் உரிமை மட்டும் எந்த ஆசிரியருக்கும் இல்லை.